ஊசிக்கோபுரத்து எறும்பு

படச் சட்டத்தின் பின்பக்கத்தில் இருந்த பதினான்கு ஆணிகளில் பன்னிரண்டு வெளியே வந்துவிட்டன. பதிமூன்றாவதைக் குறட்டால் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

பம்ப்காரர் அவசரமாக, சாப்பாட்டு மேஜைமேல் குப்புறக் கிடந்த படத்தைத் துண்டால் மூடினார். போன் வழியாக மேஜை தெரியாது என்பது மூடிய பிறகுதான் உறைத்தது.

"என்ன பண்றீங்க?" மனைவிதான். அக்காவின் கண் ஆபரேஷனுக்குத் துணையாகப் போய் இரண்டு நாள் ஆகிறது.

"சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"மூச்சு வாங்குதே."

"இந்த வயசுல சும்மா உட்கார்ந்தாலும் மூச்சு வாங்கும்."

"அக்காவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. நல்லாத் தெரியுதாம். கண்ணு தெரிஞ்சதும் முதல் வேலையா என்னைப் பார்த்து, ஏன்டி இப்படி நரைச்சுப்போயிட்டேன்னு கேட்டா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடறேன். படத்துக்குக் காலையில ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"இப்பக்கூட அதைத்தான் பார்த்துட்டிருந்தேன்," என்றார். அது உண்மை.

அது ஒரு பழைய அச்சுப்படம். ஓர் ஆறு, ஆற்றங்கரையில் கூர்வளைவு ஜன்னல்களோடு ஒரு சின்ன தேவாலயம், அதன் தலையில் வானத்தைக் குத்துகிற மாதிரி ஓர் ஊசிக்கோபுரம். ஆற்றில் ஒரு படகு. எந்த நாட்டு ஆறு என்று கீழே எழுதியிருந்த வரியைச் சட்டம் மறைத்துவிட்டிருந்தது. கல்யாணமான புதிதில், முதல் சம்பளத்தில், நடைபாதைக் கடையில் அவர் வாங்கி வந்தது. இருபத்தாறு வருஷமாகக் கூடத்தில் நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காலையில் தலை வாரி முடித்ததும் மனைவி அதைப் பார்த்து, "இரு, வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். என்றைக்காவது இரண்டு பேருமாக அந்தக் கரையில் போய் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. இன்னும் போகவில்லை.

வாங்கி வந்த அன்றைக்கே பம்ப்காரர் அந்தக் கட்டடம் எப்படி நிற்கிறது என்று அவளுக்கு விளக்கினார். விளக்காமல் அவரால் எதையும் கையில் எடுக்க முடியாது. மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறாத வீடுகளில் அவரைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவருக்கு அல்ல, தங்களுக்கு.

"சுவர் பூரா ஜன்னல். ஜன்னல் பூரா கண்ணாடி. அப்ப கூரையை யார் தூக்கறா? எடையும் தண்ணி மாதிரிதான்மா. குழாய் போட்டுக் கொடுத்தா அது வழியா இறங்கிப் போயிடும். வளைவோட உச்சி கூரா இருக்கு பாரு, அங்கே எடை ரெண்டாப் பிரியுது. வெளியே சாய்ஞ்சு நிக்குதே கல்லுக் கை, அதுதான் குழாய். நேரா மண்ணுக்குள்ள போயிடுது. சுவருக்கு வேலையே இல்லை, சும்மா வெளிச்சம் விட்டுக்கிட்டு நிக்குது."

புது மனைவி வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு. ஆனா உச்சியில எறும்பு இருக்கே."

இருந்தது. சட்டம் போட்டபோது எப்படியோ உள்ளே போய்க் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கறுப்பு எறும்பு. சரியாகக் கோபுரத்தின் நுனியில், இடப்பக்கம் பார்த்தபடி.

"நமக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுச்சு," என்று அவள் சிரித்தாள்.

"நாளைக்கே திறந்து எடுத்துடறேன்," என்றார் அவர்.

அந்த நாளைக்குதான் இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது. ஊரில் பாதிப் பம்ப்புகளைப் பிரித்துப் போட்டவருக்குக் கூடத்துப் படத்தைப் பிரிக்க நேரம் வரவில்லை. மாதம் ஒரு முறையாவது, "எறும்பை எப்ப எடுக்கப் போறீங்க?" என்பாள். "ஞாயித்துக்கிழமை" என்பார். அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிப்போனது.

ஆனால் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவராக ஒரு தரம், "இந்த வாரம் எடுத்துடட்டுமா?" என்று கேட்டபோது, "விடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். அவ்வளவு மெதுவாக.

அது அவருக்குள் முள்ளாகத் தைத்தது. கோபமாகக் கேட்கிற வாடிக்கையாளர் திரும்ப வருவார். "பரவாயில்லை விடுங்க" என்று சொல்பவர் வேறு மெக்கானிக்கைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அதுதான் அவர் தொழிலில் கண்ட பாடம். மனைவி வேறு மெக்கானிக்கைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் இந்த ஆள் ஒன்றும் செய்யமாட்டார் என்று தன்னைக் கைகழுவிவிட்டாள் என்றே அவர் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து பார்க்கும்போது கோபுரம் சுத்தமாக இருக்க வேண்டும். இன்று வியாழன். தாராளமாக நேரம் இருந்தது.

போனை வைத்துவிட்டுக் கடைசி இரண்டு ஆணிகளையும் பிடுங்கினார்.

"என்ன அத்தான், யாருக்கு ஆபரேஷன்?" என்று கேட்டபடி மச்சான் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி, கீழ்த்தளத்தில் சலூன் வைத்திருக்கிறான். வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேலே வந்து யோசனை சொல்வான்.

"இந்த ஆணியைப் பாரு. இருபத்தாறு வருஷம். ஒரு பொட்டு துரு இல்லை."

"அந்தக் காலத்து ஆணின்னா ஆணிதான். இப்ப வர்றது அடிக்கும்போதே தலை குனிஞ்சுடுது."

அட்டையை எடுத்தார்கள். படத்தின் முதுகு தெரிந்தது. விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். மூன்று பக்கம் சுலபமாக வந்தது. மேலே ஓர் இடத்தில் மட்டும் வரவில்லை.

சட்டத்தை நிமிர்த்திப் பார்த்தார். எறும்பு ஒரு பளபளப்பான, கெட்டியான துளிக்குள் உட்கார்ந்திருந்தது. அந்தத் துளிதான் காகிதத்தைக் கண்ணாடியோடு பிடித்துக்கொண்டிருந்தது.

"எறும்பு பசை விடுமா அத்தான்?"

பம்ப்காரருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது, தெரியாததையும் விளக்குவார். "எறும்பு உடம்புல அமிலம் இருக்குல்ல. வருஷக்கணக்கா வெளியே போக வழியில்லாம அப்படியே இறுகிடும். பிசின் மாதிரி." படத்தை இன்னும் உற்றுப் பார்த்தார். "இந்தப் படகு சிவப்புன்னு இல்ல நினைச்சுட்டிருந்தேன். நீலமா இருக்கு."

"உங்களுக்கு வயசாகுது."

ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான் கொடுத்தார். 'டப்' என்று ஒரு சத்தம். படம் கையோடு வந்தது. கோபுரத்தின் நுனி மட்டும் எறும்போடு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது.

இருவரும் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"எறும்பை எடுத்தாச்சு," என்றான் மச்சான்.

"வாயை மூடு."

நுனியைக் கண்ணாடியிலிருந்து பெயர்த்து மறுபடி ஒட்டிவிட்டால் தெரியாது. பஞ்சை நனைத்துத் துளியின்மேல் வைத்தார். அது ஊறவில்லை. இன்னும் கொஞ்சம் நனைத்தார். வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். அதிலிருந்து ஒரு சொட்டு நழுவி, மேஜைமேல் கிடந்த படத்தின் வானத்தில் விழுந்தது.

வானம் கரைந்தது. நீலம் ஒரு சின்ன ஓடையாகப் புறப்பட்டு மரங்கள் வழியாக இறங்கியது. அதைத் துடைத்தார். துடைத்த இடம் வெள்ளையாகி, சுற்றிலும் ஒரு நீல வளையம் நின்றது. இதற்கிடையில் மச்சான் பிளேடால் கண்ணாடியைச் சுரண்டியிருந்தான். கோபுர நுனியும் எறும்பும் துளியும் சேர்ந்து ஒரு சிட்டிகைத் தூளாகியிருந்தன.

"பூராத்தையும் நனைச்சுடலாம் அத்தான்."

"என்னது?"

"சட்டையில ஒரு இடம் மட்டும் நனைஞ்சாத்தானே வளையம் விழும்? பூராவும் நனைஞ்சா வளையம் எங்கேருந்து வரும்?"

இதில் ஒரு நியாயம் இருந்தது. நியாயம் இருக்கிற யோசனைக்குப் பம்ப்காரர் எப்போதும் பணிந்துவிடுவார். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றிப் படத்தை மிதக்க விட்டார்கள். இரண்டே நிமிஷம். வானம் போயிற்று, மரம் போயிற்று, ஆறு போயிற்று, நீலப் படகும் போயிற்று. தண்ணீர் மட்டும் மிக அழகாக இருந்தது. காகிதத்தில் தேவாலயம் கறுப்புக் கோடுகளாக, கழுவித் துடைத்த எலும்பு மாதிரி நின்றது.

"ஆனா வளையம் இல்லை," என்றான் மச்சான்.

அவன் கீழே போய் முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்தான். ஒரு பக்கம் காய்ந்ததும் காகிதம் பாய் மாதிரிச் சுருண்டது. சுருட்டையை நேராக்கச் சலூனில் சூடு வைப்பார்கள் என்ற அடிப்படையில் இஸ்திரிப்பெட்டி வந்தது. அப்போது பார்த்துக் கீழே வாடிக்கையாளர் ஒருவர், பாதி மழித்த கன்னத்தோடு, "ஏம்பா, என்னை விட்டுட்டு எங்கே போயிட்டே?" என்று குரல் கொடுத்தார். இருவரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பதில் சொல்லித் திரும்பினார்கள்.

ஆற்றின் நடுவே, படகு இருந்த இடத்தில், பழுப்பு நிறத்தில் ஓர் இஸ்திரிப்பெட்டி மிதந்துகொண்டிருந்தது. மூக்கு தேவாலயத்தைப் பார்த்திருந்தது.

மச்சான் தொண்டையைச் செருமினான். "எங்க அக்கா..."

"தெரியும்," என்றார் பம்ப்காரர். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை, சட்டத்தையும் கண்ணாடியையும் பாழாய்ப்போன படத்தையும் ஒரு போர்வையில் சுற்றிக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் இருக்கிற பழம்படக் கடைக்குப் போனார். பழைய வரைபடங்கள், அச்சுப்படங்கள் விற்கிற கடை. தரைமட்டத்துக்குக் கீழே, பத்துப் படி இறங்க வேண்டும். நான்காவது படியிலேயே நின்றுவிட்டார்.

"உங்க பம்ப் காத்துக் குடிக்குது," என்றார் கீழே பார்த்து.

கடைக்கார அம்மா பெரிய மேஜைக்குப் பின்னாலிருந்து தலை தூக்கினார். நரைத்த குட்டை முடி, கழுத்தில் பூதக்கண்ணாடி. மூலையில் ஊற்றுநீர் சேர்கிற ஒரு சின்னக் குழி. அதை வெளியேற்றத்தான் பம்ப். அது 'கக், கக்' என்று இருமிக்கொண்டிருந்தது.

"ஒரு மாசமா இப்படித்தான். நின்னுபோனா என் காகிதமெல்லாம் ஈரமாயிடும்."

"குழாயோட அடிநுனியில ஃபுட் வால்வுன்னு ஒரு கதவு இருக்கும்மா. மேலே போக மட்டும் திறக்கும், கீழே வர விடாது. அது தேய்ஞ்சா, பம்ப் நின்னதும் குழாய்த் தண்ணி பூரா திரும்ப இறங்கிடும். அடுத்த தடவை போடும்போது இழுக்கத் தண்ணி இல்லை, காத்துதான். திங்கக்கிழமை புதுசு கொண்டுவந்து மாட்டித் தர்றேன்."

"நீங்க பம்ப் மெக்கானிக்கா?" அந்த அம்மா அவரைச் சற்று அதிக நேரம் பார்த்தார். "சரி, போர்வைக்குள்ள என்ன?"

பிரித்துக் காட்டினார். அந்த அம்மாவின் பார்வை இஸ்திரிப்பெட்டியில் நின்றது. சிரிக்கவில்லை. டாக்டர்கள் மாதிரி, இதைவிட மோசமானதைப் பார்த்திருப்பார் போல.

"கழுவினீங்களா?"

"கழுவினோம். நிறம் மட்டும் போயிடுச்சு. கோடு ஏன் போகலை? எனக்கு ராத்திரி பூரா அதே யோசனை."

கடைக்கார அம்மாவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று பல வருஷம் காத்திருந்தவர் மாதிரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பம்ப்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக, விளக்கம் கேட்கிறவரின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கோடு எண்ணெய் மை. நிறம் தண்ணிச் சாயம். எஃகுத் தகட்டுல ஊசியால கோடு கோடாக் கீறுவாங்க. தகடு பூரா மையைத் தடவி, அப்புறம் துடைச்சுடுவாங்க. மேலே இருக்கறது போயிடும், கீறலுக்குள்ள இருக்கறது மட்டும் தங்கும். ஈரக் காகிதத்தை வச்சு உருளையில அழுத்தினா, காகிதம் கீறலுக்குள்ள போய் மையை எடுத்துட்டு வந்துடும்."

"உறிஞ்சிடுது. பம்ப் மாதிரி."

"கிட்டத்தட்ட. ஆனா கீறும்போது எல்லாத்தையும் இடம் வலம் மாத்திக் கீறணும். அச்சுல திரும்பிடும்ல."

"அப்ப அந்தாளு கண்ணாடியில பார்த்துக் கீறியிருப்பாரா?"

"சில பேர் அப்படித்தான் செய்வாங்க."

இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். தான் எதற்காக வந்தோம் என்பதே பம்ப்காரருக்கு மறந்துவிட்டது. கறுப்புக் கோடாக அச்சான பிறகு, ஒவ்வொரு படத்துக்கும் ஆட்கள் கையால் நிறம் தீட்டுவார்களாம். வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் வானம், அடுத்தவர் ஆறு. அதனால் ஒரே தகட்டில் அச்சான படங்களில் கோடு ஒன்றாக இருக்கும், நிறம் வேறாக இருக்கும்.

"ஒரே தகடுன்னா," என்றார் பம்ப்காரர் மெதுவாக, "இதே படம் இன்னொண்ணு..."

"ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு போயிடுச்சு." ஓர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அதே ஆறு, அதே தேவாலயம், நுனியோடு கூடிய கோபுரம். நிறம் மட்டும் இல்லை. "நான் தீட்டித் தர்றேன். நாளைக்குச் சாயங்காலம் வாங்க. நீங்க பம்ப்பைப் பாருங்க, நான் இதைப் பார்க்கறேன், சரியாப் போச்சு. படகு என்ன நிறம்?"

சிவப்பு என்றுதான் வாயில் வந்தது. நேற்றுக் கண்ணால் பார்த்ததை நினைத்து, "நீலம்" என்றார்.

கடைக்கார அம்மா தலையாட்டினார். சட்டத்தோடு பொட்டலமாக இருந்த ஆணிகளைக் கையில் கொட்டிப் பார்த்தார்.

"அந்தக் காலத்து ஆணி," என்றார் பம்ப்காரர் பெருமையாக.

"ம். என்கிட்டயும் இதே மாதிரி இருக்கு."

படி ஏறும்போதுதான் அடுத்த சிக்கல் புரிந்தது. எறும்பு.

எறும்பு இல்லாவிட்டால் மனைவி, "எப்படி எடுத்தீங்க?" என்பாள். ஆசையாகக் கிட்டே வந்து பார்ப்பாள். கிட்டே வந்தால் புதுச் சாயம் தெரியும். எறும்பு இருந்தால் கிட்டே வரவேமாட்டாள். ஆகவே, எறும்பை எடுக்கப் புறப்பட்டவர் இப்போது எறும்பை வைத்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலை முழுவதும் இரண்டு ஆண்கள் ஓர் எறும்பைத் தேடினார்கள். மனைவி வைத்திருந்த சமையலறையில் எறும்புக்கு வழியே இல்லை. ஜன்னல் ஓரத்தில் சர்க்கரை போட்டார்கள். நாற்பது எறும்பு வந்தது, எல்லாம் உயிரோடு.

"ஒண்ணே ஒண்ணை லேசா நசுக்கினா..." என்றான் மச்சான்.

"பாவம், கூப்பிட்டு வச்சுட்டு நசுக்கறதா? அதோட நசுங்கின எறும்பு பழைய எறும்பு மாதிரி இருக்காது."

கடைசியில் சலூன் கண்ணாடிக்குப் பின்னால், செத்துக் காய்ந்த கறுப்பு எறும்பு ஒன்று கிடைத்தது. கொஞ்சம் பெரிசு. மச்சான் அதைத் தாளில் வைத்துச் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தான். "மீசையை மட்டும் லேசா டிரிம் பண்ணிடட்டுமா?"

"அதைத் தொட்டே, நாளைக்கு உங்க அக்காகிட்ட இஸ்திரிப்பெட்டியை எடுத்தது யாருன்னு சொல்லிடுவேன்."

தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் எறும்பைக் கிடத்திச் சாயங்காலம் கடைக்குப் போனார். படம் தயாராக மேஜைமேல் இருந்தது. நீலப் படகு, வெளிர் வானம், கரையில் மஞ்சள் வெயில்.

"ரொம்ப நன்றிம்மா. இன்னும் ஒரு சின்ன விஷயம். சொன்னா நீங்க சிரிக்கக்கூடாது." தீப்பெட்டியைத் திறந்தார். "கண்ணாடி போடறதுக்கு முன்னாடி, இதைக் கோபுர உச்சியில..."

கடைக்கார அம்மா சிரிக்கவில்லை. தீப்பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாமணத்தை எடுத்துக்கொண்டு கேட்டார்: "இடப்பக்கம் பார்க்கணுமா, வலப்பக்கமா?"

"இடப்பக்கம்." நல்ல தொழில்காரி என்று நினைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை, எப்படி என்றுதான் கேட்கிறார்.

"கோதுமைப் பசையில ஒரு பொட்டு வைக்கறேன். என்னிக்காவது எடுக்கணும்னா ஒரு சொட்டுத் தண்ணி போதும், தானா வந்துடும்." மூச்சைப் பிடித்து எறும்பை இறக்கி வைத்தார். "வீட்டுலயே எதையாவது வச்சு ஒட்டாம என்கிட்டயே கொண்டு வந்தீங்களே, அதுவே போதும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி வந்தாள். பையைக் கூடத்தில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். முகம்கூடக் கழுவாமல் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

பம்ப்காரர் சமையலறை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றார்.

அவள் கிட்டே போனாள். இன்னும் கிட்டே. விரலைத் தூக்கி, கண்ணாடிமேல், கோபுரத்தின் உச்சியில் வைத்தாள்.

"என்ன பார்க்கறே?"

"ஒண்ணும் இல்லை. எறும்பு இருக்கான்னு பார்த்தேன்."

"அது எங்கே போகப் போகுது?"

"அதானே." அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு வழக்கம் போல, "இரு, வந்துடறோம்" என்றாள் படத்திடம்.

அவர் பிழைத்துவிட்டார். ஆனால் பிழைத்த சந்தோஷம் தேநீர் ஆறும் வரைகூட நிற்கவில்லை. சாயங்காலம் அவள் பையிலிருந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மடித்த துணி ஒன்றைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"உனக்கு என்மேல சலிச்சுப்போச்சா?"

"என்ன திடீர்னு?"

"எறும்பை எடுங்கன்னு முன்னெல்லாம் கேட்டுட்டே இருப்பே. ஏழெட்டு வருஷமாக் கேட்கறதே இல்லை."

அவள் கை நின்றது. "சலிச்சிருந்தா பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எடுத்திருப்பேன்."

"நிஜமாத்தான் கேட்கறேன்."

"நிஜமாத்தான் சொல்றேன். படம் வீட்டுக்கு வந்த முதல் நாள் எறும்பைப் பார்த்துட்டு, நாளைக்கே எடுத்துடறேன்னு சொன்னீங்கள்ல, அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. எறும்பு இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும். போதும்." அவரைப் பார்க்காமலே அவர் கையிலிருந்த துணியை வாங்கினாள். "அதனால அதைத் தொடாதீங்க. தொடமாட்டீங்கதானே?"

"மாட்டேன்," என்றார். அவர் சொன்ன பொய்களிலேயே மிகக் கனமானது அதுதான். எந்த வளைவும் அதை மண்ணுக்குள் இறக்கவில்லை, நெஞ்சிலேயே நின்றது.

திங்கட்கிழமை, புது ஃபுட் வால்வோடு கடைக்குப் போனார். குழாயை வெளியே இழுத்து, பழைய கதவைக் கழற்றி, தேய்ந்த இடத்தைக் கடைக்கார அம்மாவிடம் காட்டினார். புதியதை மாட்டினார். பம்ப் இருமவில்லை. ஒரே சீராகப் பாடியது.

"வீட்டுல கண்டுபிடிச்சாங்களா?" என்றார் கடைக்கார அம்மா.

"இல்லைம்மா. எறும்பை மட்டும் தொட்டுப் பார்த்தா. இருக்குன்னு தெரிஞ்சதும் அவ முகத்துல வந்த நிம்மதியைப் பார்க்கணுமே நீங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாமல். "அதைப் பார்த்ததுலேருந்து மனசு கேட்கலை. இருபத்தாறு வருஷமா அவ காலையில பேசின படம் அது. இப்ப வேற ஏதோ ஒரு படத்துகிட்டப் பேசிட்டிருக்கா, பாவம். இன்னிக்குச் சாயங்காலம் சொல்லிடப் போறேன். எறும்பை எடுக்கப் போய் இப்படி ஆயிடுச்சுன்னு. அழுதாலும் சரி."

கடைக்கார அம்மா கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தாராளமாச் சொல்லுங்க, அழமாட்டாங்க," என்றார். "எட்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்களும் எறும்பை எடுக்கத்தான் படத்தைத் திறந்தாங்களாம். இங்கே வந்து புதுசு வாங்கிட்டுப் போறப்ப, எறும்பை நெயில் பாலிஷ் வச்சு மட்டும் ஒட்டாதீங்கம்மான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."